தென்னை மரத்து வெள்ளைத் திட்டு: இலைக்கன் பற்றி ஓர் எளிய அறிமுகம்

மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ எந்த வளவுக்குள் போனாலும் தென்னை, மா, கமுகு மரங்களின் உடம்பில் சாம்பல் வெள்ளையாக ஏதோ திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். சில திட்டுகள் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு, சில உள்ளங்கை அளவு. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ சுண்ணாம்பைத் தெளித்துவிட்டுப் போனதுபோல் தெரியும். மரத்துக்குத் தேமல் பிடித்துவிட்டது என்று எண்ணிக் கத்தியால் சுரண்டுபவர்கள் உண்டு. செம்பு கலந்த பங்கசு மருந்தை அடிப்பவர்களும் உண்டு. இரண்டும் வீண் வேலை. அது நோய் அல்ல. குருவிச்சையைப் போல மரத்துக்குள் வேர் இறக்கிச் சாறு குடிப்பதும் அல்ல. அதன் பெயர் இலைக்கன்.

நம் பேச்சு வழக்கில் இதற்குத் தனிப்பெயர் இல்லாததே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுக் கட்டில் வழுக்குவதும் பாசி, மரத்தில் ஒட்டியிருப்பதும் பாசி. நோன்புக் காலத்தில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடும் கடல்பாசி, கடற்பூண்டிலிருந்து வருவது. அது அல்கா. பிரியாணிச் சரக்கோடு கடையில் கிடைக்கும் கல்பாசியோ இலைக்கன். பாடசாலை ஆய்வுகூடத்தில் அமிலத்தில் தோய்த்தால் சிவக்கிற பாசிச்சாயத்தாள் இருக்கிறதே, அந்தச் சாயமும் முதலில் ரொக்செல்லா என்ற இலைக்கனிலிருந்தே எடுக்கப்பட்டது. ரொக்செல்லாவில் ஓர் இனம் இலங்கையின் கரையோர மரங்களிலும் வளர்கிறது. ஆக, ‘பாசிச்சாயம்’ என்ற சொல்லுக்குள் இலைக்கன் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. நாம்தான் கவனிக்கவில்லை.

ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம்

இலைக்கன் ஒரு தனி உயிர் அல்ல. ஒரு பங்கசும் ஓர் அல்காவும் சேர்ந்து கட்டிய உடம்பு அது. சில இனங்களில் அல்காவின் இடத்தில், அதைப்போலவே ஒளியைக் கொண்டு உணவாக்கும் சயனோபற்றீரியா என்ற பற்றீரியா வகை இருக்கும். பங்கசு வீட்டைக் கட்டுகிறது, அல்கா சமைக்கிறது. அல்காவிடம் பச்சையம் உண்டு. வெயிலையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் கொண்டு அது மாப்பொருள் ஆக்கும்போது அதில் பெரும்பங்கு பங்கசுக்குப் போகிறது. சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் சுவெண்டனர் 1867இல் இந்த இரட்டை வாழ்வைச் சொன்னபோது அன்றைய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. 2016இல் வெளியான ஆய்வொன்று பல இலைக்கன்களின் மேல்தோலுக்குள் மதுவ வகைப் பங்கசு ஒன்றும் வாழ்வதைக் காட்டியது. குடித்தனக் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

நம் தென்னைகளில் தேட எளிதான ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம்: பிக்சின் கொக்கோஸ். சுவீடன் நாட்டு ஓலோஃப் சுவார்ட்ஸ் 1788இல் இதை முதலில் விவரித்தார். பெயரின் பின்பாதி தென்னையைக் குறிக்கிறது. வெப்பவலய நாடுகள் எங்கும், தென்னை, மா போன்ற மரங்களில், வெயில் விழும் பக்கமாகப் பரந்து கிடக்கும்.

இதைப் பார்க்க 10 மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று போதும். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணும் வில்லையுமாக மரத்துக்கு 2, 3 சென்ரிமீற்றர் வரை நெருங்க வேண்டும். வில்லையை மரத்தருகே பிடித்துக்கொண்டு தலையைத் தூரத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நெருங்கினால், வெறும் வெள்ளைத் திட்டு என்று நினைத்தது நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் ஒடுங்கிய மடல்களாகத் தெரியும். ஒவ்வொரு மடலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலம். நுனி பட்டையோடு அழுந்தியிருக்கும். மடல் ஓரங்களில் மா தூவியதுபோல் சிறு சிறு குவியல்கள். விரல் நுனியால் தொட்டால் பவுடர் போல ஒட்டும். ஒவ்வொரு துகளிலும் சில அல்காக் கலங்களும் அவற்றைச் சுற்றிய பங்கசு நூலும் இருக்கின்றன. காற்றிலோ மழை ஓட்டத்திலோ எறும்பின் காலிலோ போய் வேறொரு பட்டையில் ஒட்டி, ஒரு புது இலைக்கன் ஆவதற்கு வேண்டிய இரண்டு பங்காளிகளும் அந்தத் துகளுக்குள்ளேயே தயார். சில திட்டுகளில் கடுகை விடச் சிறிய கறுப்பு வட்டுகளும் இருக்கும். அவை பங்கசின் வித்தி, அதாவது விதைபோல் பரவும் நுண்துகள், உண்டாகும் இடங்கள். அந்த வித்தி தனியே போய் விழுந்தால் அதற்கேற்ற அல்காவைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அத்தோடு சரி.

இதே சாயலில் டிரினாரியா என்று இன்னொன்றும் நம் மரங்களில் இருக்கும். பிரித்தறிய நல்ல வழி, இருட்டியபின் 365 நனோமீற்றர் புறஊதா ரோச் ஒன்றை அடித்துப் பார்ப்பது. பிக்சின் கொக்கோசின் மேல்தோலில் லைக்கெக்சாந்தோன் என்ற பொருள் இருப்பதால் திட்டு முழுவதும் மஞ்சளாக ஒளிரும். டிரினாரியா அப்படி ஒளிராது. ரோச் வெளிச்சத்தைக் கண்ணில் படவிடக் கூடாது. சிறுபிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

இலைக்கன்தானா என்றே சந்தேகமா? திட்டின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். சாம்பல் நிறம் மங்கிப் பச்சை எட்டிப்பார்க்கும். காய்ந்திருக்கும்போது மேல்தோல் வெள்ளையாக ஒளியை மறைக்கிறது, நனைந்தால் கண்ணாடிபோல் ஆகி உள்ளேயிருக்கும் அல்காவைக் காட்டுகிறது. சுண்ணாம்பும் பெயின்றும் பூஞ்சணமும் இப்படிப் பச்சையாகா. மரத்தின் ஈரப் பக்கத்தில் செம்மஞ்சள் வெல்வெற்றுப் போலப் படர்வது பெரும்பாலும் திரெந்தெபோலியா. அது தனி அல்கா. அதுவும் மரத்துக்குக் கெடுதி செய்வதில்லை. ஆனால் தென்னை உடம்பில் வெடித்துச் செங்கபில நீர் வடிந்தால் அது நோய். இலைக்கனோடு அதைக் குழப்பிக்கொண்டு விட்டுவிடாமல் தென்னை அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் காட்ட வேண்டும்.

சாகும் கொப்பில் இலைக்கன் அடர்ந்திருப்பதைப் பார்த்து, இதுதான் கொப்பைக் கொன்றது என்று முடிவு கட்டுவோர் நிறையப் பேர். நடந்தது நேர்மாறு. கொப்பு வேறு காரணத்தால் பட்டு இலை உதிர்க்கிறது, மறைந்திருந்த பட்டையில் வெயில் விழுகிறது, அதன்பிறகுதான் இலைக்கன் பெருகுகிறது.

நனைவதும் காய்வதும்

இலைக்கனைப் புரிந்துகொள்ள ஒரேயொரு விஷயம் மட்டும் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான்: இலைக்கனுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாது. வேர் இல்லை. கீழ்ப்பக்கத்தில் கறுப்பு நூல்கள் இருக்கின்றன, ஆனால் அவை பட்டையைப் பற்றிக்கொள்ளத்தான். மரத்தின் இலையில் இருப்பதுபோல் மெழுகுத் தோலோ மூடித் திறக்கும் இலைவாயோ கிடையாது. மழையோ பனியோ பட்டால் சில நிமிடங்களில் ஊறிவிடும், வெயிலும் காற்றும் பட்டால் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். காய்ந்தால் சாவதில்லை. சுவாசமும் ஒளித்தொகுப்பும் அனேகமாக நின்று, அடுத்த ஈரம் வரை அப்படியே கிடக்கும்.

இதை நம் ஊர்க் காலநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரியில் விழுகிறது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கிவிட்டால் பட்டையில் கை வைத்தால் சுடும். அந்த மாதங்களில் இலைக்கன் உழைக்கும் நேரம் விடியற்காலைதான். இரவுப் பனியில் ஊறி, கிழக்கு வெளுத்ததும் ஒளித்தொகுப்பைத் தொடங்கி, வெயில் ஏறிப் பட்டை காயும்வரை உழைத்துவிட்டு, மீதிப் பகல் முழுக்க உறங்கும்.

ஈரமாக இருக்கும் நேரமெல்லாம் இலைக்கனுக்கு நல்ல நேரம் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. ஈரமாக இருந்தால் அது சுவாசிக்கும். சூடு கூடக் கூடச் சுவாசமும் கூடும். இரவில் ஒளி இல்லாததால் வரவு இல்லை, செலவு மட்டும். சூடான ஈர இரவுகள் தொடர்ந்தால், காலையில் சம்பாதித்தது இரவிலேயே கரைந்துவிடும். தாழ்நில வெப்பவலயக் காடுகளில் பெரிய இலைக்கன்கள் அரிதாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. ஹோட்டன் சமவெளியில் மரக்கொப்புகளில் தாடிபோல் தொங்கும் அஸ்னியா இலைக்கன்களைப் பார்த்துவிட்டு வந்து, நம் காட்டில் ஏன் இப்படி இல்லை என்று கேட்பவர்களுக்கு விடை, அங்குள்ள குளிர்ந்த இரவு. நம் பக்கத்தில் பட்டையோடு பட்டையாக ஒட்டிய மெல்லிய இனங்களே தாக்குப்பிடிக்கின்றன.

எனவே, வளவு மரத்து இலைக்கன் காய்ந்து கிடக்கிறதே என்று இரங்கி மத்தியானத்தில் குழாயைப் பிடிப்பது அதற்குச் செய்யும் பெரிய கெடுதி. 32, 33 பாகை வெக்கையில் உறக்கத்திலிருந்து எழுப்பி, சேமிப்பைச் செலவழிக்க வைக்கிறோம். நாள்தோறும் அப்படிச் செய்தால் மடல்கள் மெல்ல நலிந்துவிடக்கூடும்.

காடு, வளவு, பட்டை

ஒரு மரத்தில் எந்த இலைக்கன் வரும் என்பதைப் பட்டையும் ஒளியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கொய்யா தன் பட்டையைத் தாள் தாளாக உரித்துப் போடும் மரம். ஒட்டியது எதுவும் பட்டையோடு சேர்ந்து விழுந்துவிடும். ஆற்றோர மருதும் பட்டை உதிர்க்கும் இனமே. நின்று நிலைக்கும் பட்டைதான் இலைக்கனுக்கு வேண்டியது. தென்னை இதில் தனிச்சிறப்பு: அதன் உடம்பு ஒருமுறை உருவானபின் மாமரத்தைப் போல ஆண்டுக்காண்டு பருப்பதில்லை, பட்டை உரிவதுமில்லை. ஒட்டிய இடம் பல பத்தாண்டுகளுக்கு அசையாது.

காட்டுக்குள் போனால் காட்சி மாறும். குடும்பிமலைப் பக்கத்திலோ, 1954இல் அமைக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்காவின் சுற்றிலோ, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்காட்டில், நிழலான அடிமரங்களில் கிராபிஸ் என்ற எழுத்து இலைக்கன் பேரினத்தைத் தேடலாம். வெளிர் பட்டையில் கறுப்பு மையால் கிறுக்கியதுபோல் வளைந்தும் கிளைத்தும் கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் வித்தி உண்டாகும் பிளவு. இதன் அல்காப் பங்காளி முன்னே சொன்ன திரெந்தெபோலியா. அடர்காட்டின் குறைந்த ஒளியே அதற்குப் போதும். பக்கத்து மரத்தை வெட்டித் திடீரென்று வெயிலை உள்ளே விட்டால் இவை வெளிறிப் போகும். பிக்சின் கொக்கோசோ வெயிலை விரும்புவது; காட்டின் ஓரத்திலும் வெளியிலும் செழிக்கும்; தூசிக்கும் புகைக்கும் மற்ற இனங்களை விட ஈடுகொடுக்கும். ஆகவே ஓரிடத்தில் இதுமட்டும் மிஞ்சி, எழுத்து இலைக்கன்கள் எல்லாம் மறைந்திருந்தால், அங்கே நிழலோ காற்றோ மாறிவிட்டது என்று சந்தேகப்படலாம். இலைக்கன் நிறைய இருக்கிறது என்பதை விட, எத்தனை வகை இருக்கிறது என்பதை எண்ணுவதே பயன் தரும்.

பூங்காக்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் பட்டையைச் செதுக்கி எடுத்துவர அனுமதி இல்லை. கைவில்லையும் படமும் போதும்.

வயதும் வளர்ச்சியும்

இலைக்கன் ஓரத்தில்தான் வளரும். பட்டையோடு முற்றாக ஒட்டிய மேலோட்டு வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் போவதே பெரிது. மடல் வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர். அதனால்தான் ஒரு நிமிடத்தில் சுரண்டிய திட்டு திரும்ப வரப் பத்து ஆண்டும் ஆகலாம்.

தென்னையில் ஒரு திட்டின் வயதை ஓரளவு கணக்கிட அழகான வழி ஒன்று இருக்கிறது. ஓலை விழுந்த இடத்தில் தழும்பு நிற்கும் அல்லவா? நன்றாகக் காய்க்கும் வயதிலுள்ள நாட்டுத் தென்னை ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலை விடும், அதே அளவில் உதிர்க்கும். மரத்தில் மிஞ்சியுள்ள கடைசி ஓலையிலிருந்து கீழ்நோக்கித் தழும்புகளை எண்ணிக்கொண்டு வந்து, 13ஆல் பிரித்தால் அந்த இடம் வெயில் கண்டு எத்தனை ஆண்டு என்று கிடைக்கும். உதாரணமாக, 104ஆவது தழும்பில் ஒரு திட்டு. 104ஐ 13ஆல் பிரித்தால் 8. அந்தத் திட்டுக்கு 8 வயதுக்கு மேல் இருக்க முடியாது. அதன் குறுக்களவு 32 மில்லிமீற்றர் என்றால் நடுவிலிருந்து ஓரம்வரை 16. ஆக ஆண்டுக்குக் குறைந்தது 2 மில்லிமீற்றர் வளர்ந்திருக்கிறது. வறட்சி கண்ட ஆண்டுகளில் ஓலை குறையும் என்பதால் இது தோராயம்தான். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு நட்டது என்று குடும்பத்தாருக்கு நிச்சயமாகத் தெரிந்த தென்னை வளவில் நின்றால் இன்னும் நல்லது. மரத்தின் வயதோடு தழும்புக் கணக்கைச் சரிபார்க்கலாம்.

நேரடியாக அளக்க விரும்பினால், ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாளைத் திட்டின்மேல் வைத்து, அழியாத மெல்லிய பேனாவால் ஓரத்தைக் கீறிக்கொள்ளுங்கள். தாளை அடுத்த ஆண்டு அதே இடத்தில் வைக்க, திட்டுக்கு வெளியே உள்ள இரண்டு தழும்பு முனைகளையும் தாளில் குறித்துவிட வேண்டும். ஆணி அடிக்க வேண்டாம். பங்குனியில், காய்ந்த பகலில், ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில் செய்யவும். நனைந்த மடல் ஊதிப் பெரிதாகும். ஈரத்தில் ஒருமுறை, காய்ந்து ஒருமுறை அளந்தால் இல்லாத வளர்ச்சியைக் காட்டும். இதில் பலர் தடுக்கி விழுவது பேனாக் கோட்டில்தான். கோடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பானால் ஓர் ஆண்டு வளர்ச்சியில் பாதி அதற்குள்ளேயே மறைந்துவிடும். கோட்டின் உள்விளிம்பை இலைக்கன் ஓரத்தில் பிடித்து, மூன்று முறை கீறிச் சராசரி எடுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைந்த கணக்கை நம்ப வேண்டாம். நடுப்பகுதி உதிர்ந்து வளையமாக நின்றால் பயப்படத் தேவையில்லை, முதிர்ந்த திட்டுக்கு அது இயல்பு.

எது கெடுக்கிறது

மெழுகுத் தோல் இல்லாத உடம்பு, மழையில் கரைந்து வருவதை எல்லாம் அப்படியே உறிஞ்சும். நல்லதை மட்டும் எடுத்துக் கெட்டதை விட அதற்கு வழியில்லை. 1866இலேயே வில்லியம் நைலாண்டர் பாரிஸ் நகரின் லக்சம்பேர்க் தோட்டத்தில் இலைக்கன்களைக் கவனித்து, அவை காற்றின் தூய்மையைக் காட்டும் என்று எழுதினார். முக்கிய எதிரி ஆலைப் புகையில் வரும் கந்தகவீரொட்சைட்டு வாயு. அது அல்காவின் பச்சையத்தைச் சிதைக்கிறது. மடல் முதலில் வெளிறும், பிறகு பழுப்போ இளஞ்சிவப்போ ஏறும், கடைசியில் ஓரம் கிளம்பி உதிரும்.

நம் ஊரில் ஆலைப் புகையை விட அன்றாடப் பழக்கங்களே கூடுதலாகக் கெடுக்கின்றன. தென்னை அடியில் ஓலையும் குப்பையும் கூட்டி எரித்தால் ஓராள் உயரம்வரை எல்லாம் வெந்துவிடும். குப்பைக் கிடங்கை மரத்திலிருந்து விலக்கி வெட்டுவது மிக எளிய பராமரிப்பு. அடிமரத்தில் மாட்டைக் கட்டினால் கயிறு உரசும், மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா மென்மையான இனங்களைத் தீய்க்கும். கோழிக்கூடும் அப்படித்தான். பண்டிகைக்குப் பூசும் சுண்ணாம்பு, தேர்தல் காலத்துச் சுவரொட்டிப் பசை, செம்பு மருந்து எல்லாமே அதற்கு நஞ்சு. மாமரத்துக்கு உண்மையிலேயே மருந்து தேவைப்பட்டால் இலையிலும் பூவிலும் மட்டும் விசிற முயல வேண்டும். தண்டில் படும் அளவைக் குறைத்தாலே பாதி தப்பும்.

விழுந்த கொப்பைக் காப்பாற்றுவது

காற்றில் முறிந்த கொப்பில் நல்ல இலைக்கன் இருந்தால், நிலத்தில் கிடந்து அழுகவிடாமல் உயிருள்ள மரமொன்றுக்கு மாற்றலாம். எல்லாம் பிழைக்காது, ஆனால் முயலத்தக்கது. நேரம் ஐப்பசி, கார்த்திகை, மாரியின் தொடக்கம். இலைக்கனைப் பட்டையிலிருந்து பிரிக்காமல், விரல் நீளத்துக்குப் பட்டையோடு சேர்த்து வெட்டி எடுங்கள். பிரித்து எடுத்துப் பசை தடவினால், காயும்போது அது சுருங்கித் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். அதே வகை மரமாக, அதே அளவு வெயில் விழும் பக்கமாகப் பார்த்துச் சணல் கயிற்றால் இரண்டு முனையையும் கட்டுங்கள். கம்பி வேண்டாம். மழைநீர் கசிந்து ஓடும் பள்ளமும் வேண்டாம், நத்தைகள் அங்கேதான் கூடும். எடுத்துச் செல்லும்போது பொலித்தீன் பையில் கட்டினால் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி உறை போதும்.

மழை பின்தங்கினால் விடியுமுன் மெல்லிய விசிறியால் மழைநீரைத் தெளிக்கலாம், வெயில் ஏறுமுன் காயும் அளவுக்கு மட்டும். கரையோர மணற்கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, குழாய் நீரில் குளோரீன் உண்டு, இரண்டையும் தவிருங்கள். தையில் கைவில்லையோடு பாருங்கள். நனைத்தால் இன்னும் பச்சை தெரிகிறதா? நல்லது. சணல் இற்று விழும்வரை கட்டை அவிழ்க்க வேண்டாம். அடுத்த மாரிகளில் மடல் நுனி வெட்டிய பட்டையின் விளிம்பைத் தாண்டிப் புது மரத்தில் ஒரு மில்லிமீற்றராவது ஏறியிருந்தால், மாற்றம் பிடித்துவிட்டது.